ஈரக் காலடி, முதல் இதழ்

ஏரி மீனை மாவில் தோய்த்துப் பொரித்தால் போதும், மேலே எலுமிச்சைகூடப் பிழிய வேண்டாம் என்பதில் டென்னிக்கும் எனக்கும் என்றுமே கருத்து வேறுபாடு இருந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் போட்டிதான். பள்ளியில் பேஸ்பால், பிறகு கார், பிறகு யார் வீட்டு வாசலில் முதலில் பனி அள்ளி முடிப்பது. வயது ஏறியபின் காமிக்ஸ்.

போட்டியைப் பற்றிக் கேட்டீர்கள், மேடம். ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் ஒரே தொகைக்குப் பழைய காமிக்ஸ் வாங்க வேண்டும். பத்தாண்டு முடிந்ததும், பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கில் கூடும் காமிக்ஸ் சந்தைக்கு இரண்டு பெட்டிகளையும் கொண்டுபோய் ஒரே வியாபாரியிடம் விலை கேட்க வேண்டும். தோற்றவன் போலந்துக்காரர்கள் நடத்தும் போலிஷ் கிளப்பில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். ஆமாம், மீன் சாப்பாடுதான். வேறு பந்தயம் எதுவும் இல்லை.

எந்தக் கதை சினிமாவாகப் போகிறது என்று பேச்சு அடிபட்டாலும் டென்னி அதன் இதழ்களை அள்ளிக்கொண்டு வருவான். நான் விக்கை வாங்கினேன்.

விக் லமாண்டியா ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஈரி நகரத்துக்காரர். இளமையில் நியூயார்க் போய் ‘ஈரக் காலடி’ என்ற பேய்க் காமிக்ஸை வரைந்தார். அது ஏழெட்டு இதழோடு நின்றுபோனது. திரும்பி வந்து பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தார். நான் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பழுதுபார்ப்பவன். அவர் வீட்டு ஃபர்னஸைப் பார்க்கப் போனபோது, சுவரில் மாட்டியிருந்த படத்தை வைத்துத்தான் அவர் யாரென்று கண்டுகொண்டேன். அன்று கூலி வாங்கவில்லை. ஒரு கையெழுத்து மட்டும் கேட்டேன். அதன்பின் அவர் வரைந்த இதழ் எங்கு கிடைத்தாலும் வாங்கினேன். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமைதோறும் நான்தான் அவருக்கு மளிகை வாங்கிக் கொடுப்பேன். டென்னியும் வருவான். மூவரும் சீட்டாடுவோம்.

“லென், உன் பெட்டிதான்டா ஜெயிக்கணும்,” என்பார் விக். “இவன் வாங்குறதெல்லாம் குப்பை. மூக்கு வரையத் தெரியாத பசங்க போட்ட படம்.”

“நீங்க உசுரோட இருக்கிற வரைக்கும் அவன் எங்க ஜெயிக்கிறது?” என்றான் டென்னி. “படம் போட்டவன் செத்தாத்தான் கையெழுத்துக்கு விலை. சந்தையில எவனைக் கேட்டாலும் சொல்வான்.”

“அப்ப நான் சீக்கிரம் கிளம்பணுங்கற.”

“அவசரமே இல்ல. பிப்ரவரி வரைக்கும் டைம் இருக்கு.”

விக் சிரித்துச் சிரித்து இருமினார். நானும் சிரித்தேன். அதைச் சொன்னது டென்னி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஜனவரியில் ஏரிப் பக்கமிருந்து பெரிய பனி இறங்கியது. டென்னி ஃப்ளோரிடாவில் மகள் வீட்டில் இருந்தான். காலையில் விக் கூப்பிட்டு ஃபர்னஸ் எரியவில்லை என்றார். போனேன். தீ பற்றியதா என்று உணரும் சின்னக் கம்பி ஒன்று உள்ளே உண்டு. அதில் கரி படிந்திருந்தது. உப்புத்தாளை வைத்து நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். உப்புத்தாள் என் சட்டைப் பையில் இருந்தது.

நான் மூடியைத் திரும்ப மாட்டி, மேலே வந்து, ஒரு பாகம் வாங்க வேண்டும் என்று சொன்னேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒன்றும் நினைக்கவில்லை. போட்டிக்கு நான்கு வாரம் இருப்பது தெரியும், அதை நினைத்தேன் என்று சொல்ல முடியாது. தேதி தெரிந்திருப்பது வேறு.

சோபா பக்கத்தில் சின்ன மின்சார ஹீட்டர் ஒன்று இருந்தது. அதன் ஒயர் சரியில்லை, வீடு தீப்பிடித்துவிடும் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். வயதானவர்கள் வீட்டில் அதனால் எத்தனை விபத்து நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

“நீ சொன்னா சரி,” என்றார் விக். கதவுவரை வந்து, வழுக்கும், பார்த்துப் போ என்றார்.

அன்று மாலை கூப்பிட்டார். பாகம் வரவில்லை என்றேன். மறுநாள் பகலில் கூப்பிட்டார்.

“லென், என் விரலே எனக்குத் தெரியலடா. டென்னிகிட்டச் சொல்லி யாரையாவது அனுப்பச் சொல்லவா?”

“அவன் ஃப்ளோரிடாவுல இருக்கான். அவனை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க? நான் பாத்துக்கறேன். இன்னொரு போர்வை போத்திக்கங்க.”

“உனக்கு ரொம்பக் கஷ்டம் குடுக்கறேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல விக்.”

பொழுது சாயும் நேரத்தில் கடைசியாகப் பேசினார். நாக்கு குழறியது. இப்போது குளிரே தெரியவில்லை, நன்றாக இருக்கிறது, நீ பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வராதே என்றார். குளிர்ந்த வீட்டில் இருக்கும் ஒருவர் குளிரவில்லை என்று சொன்னால் என்ன பொருள் என்று என் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். நல்லது, தூங்குங்க என்றேன். வைத்துவிட்டு சூப் சூடுபண்ணிச் சாப்பிட்டேன்.

சவ அடக்கத்துக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. ஆனால் செய்தி பரவியது. பிட்ஸ்பர்க் சந்தையில் விக் கையெழுத்திட்ட முதல் இதழைப் பார்த்ததும் வியாபாரி மற்றக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். என் பெட்டி ஜெயித்தது. டென்னி என் முதுகில் தட்டினான், அவன் கண் கலங்கியிருந்தது. “விக் இருந்திருந்தா துள்ளிக் குதிச்சிருப்பாரு,” என்றான். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்க அவன்தான் கைகொடுத்தான். கராஜில் அந்த ஹீட்டரைப் பார்த்தான்.

“இது நான் விக்குக்கு வாங்கிக் குடுத்ததாச்சே. போன நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு.”

“ஒயர் சரியில்ல. அதான் எடுத்துட்டு வந்தேன்.”

“எப்ப எடுத்த?”

நான் பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். டென்னி குனிந்து அதைச் செருகினான். கம்பிகள் சிவந்தன. அவன் அதன்முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

“நல்லாத்தானடா எரியுது, லென்,” என்றான். பிறகு உங்களிடம் வந்தான். வந்தது சரிதான். அவன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

விக்கைக் கொன்றது நான். அதை எங்கே எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். வாக்குமூலத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் திருத்துங்கள். போலீஸ் வந்தபோது வீடு கதகதப்பாக இருந்தது என்றும், தடயத்தை மறைக்கவே நான் முன்னதாகப் போய் ஃபர்னஸைச் சரிசெய்தேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுவல்ல. கடைசி ஃபோனுக்கு மறுநாள் காலையில் நான் கதவைத் திறந்தபோது அவர் சோபாவில் ஒருக்களித்துக் கிடந்தார். நான் நேரே கீழே போய்க் கம்பியைத் தேய்த்தேன். வீடு முழுக்கச் சூடு பரவும்வரை படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் உங்களுக்கு ஃபோன் செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை, மேடம். நண்பர் ஒருவர் அப்படிக் குளிரில் கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.