ஒரு மதிப்பெண் வினா

நான் ரப்பர் அடி வைத்த செருப்புதான் போடுவேன். நடந்தால் சத்தம் வராது. வேலை செய்கிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். யார் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாலும், நானாகத் தொண்டையைச் செருமும் வரை அவர்களுக்குத் தெரியாது. அவ்வளவு சாதுவான ஆள் நான். விசாரணை அதிகாரி ஐயா இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு ஐம்பத்திரண்டுக்கு என் பிரிவு ஊழியர் ஒருவர் என் அறை ஜன்னல் வழியாக வெளியேறியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அறை முதல் மாடியில் இருக்கிறது. கதவும் இருக்கிறது. அந்தக் கதவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எதையும் மறைக்க மாட்டேன். தேர்வுப் பிரிவில் நாங்கள் மறைப்பது விடைத்தாளில் இருக்கும் பெயரை மட்டும்தான்.

குதித்தவரை எல்லாரும் ஜூனியர் என்பார்கள். வயது நாற்பத்து நான்கு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் வந்தார். அதற்குப் பிறகு இந்தப் பிரிவுக்கு வர யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் இன்னமும் அவரே ஜூனியர். அவருக்கு வயிற்றுப் புண். டாக்டர் காரத்தை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார். காப்பியை நிறுத்தச் சொன்னார், அதையும் நிறுத்தினார். கடைசியில் டாக்டர், "வேலை பார்க்குற இடத்த மாத்திப் பாருங்களேன்" என்றாராம். நூலகத்தில் ஓர் இடம் காலியானது. முதல்வர் மாற்றல் உத்தரவு போட்டு எனக்கு அனுப்பினார். அடியில் என் கையெழுத்து விழுந்தால் ஜூனியர் போகலாம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. உத்தரவு என் மேசைக்கு வந்தது திங்கட்கிழமை காலையில்.

அதே திங்கட்கிழமை மதியம் எங்களைப் போன்ற பிரிவுத் தலைவர்களுக்கு அரைநாள் பயிற்சி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து ஓர் இளம்பெண் வந்து நடத்தினார். "உங்களப் பார்த்து மத்தவங்க பயப்படறாங்களான்னு முதல்ல கண்டுபிடிங்க" என்றார். "நீங்க உள்ள நுழைஞ்சா பேச்சு நின்னுடும். எது சொன்னாலும் தலையாட்டுவாங்க. கண்ணப் பார்க்க மாட்டாங்க. நீங்க ஜோக் சொல்லி முடிக்கறதுக்குள்ள சிரிச்சிடுவாங்க."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எழுந்து நின்று, இதற்கெல்லாம் ஆதாரம் என்ன என்று கேட்டேன். அவர் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி, "நீங்க சொல்றதும் கரெக்ட்தான் சார்" என்று ஒத்துக்கொண்டு, நாற்பது நிமிடம் முன்பாகவே வகுப்பை முடித்துக்கொண்டார். தன் தவறை ஏற்கும் பண்பு இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அரிது.

அன்று மாலை வீட்டில் என் மனைவியிடம் கேட்டேன். "என்னைக் கண்டா உனக்கு பயமா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏங்க, இப்ப நான் என்ன பண்ணிட்டேன்?"

எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. மடியில் கனம் இல்லாதவளுக்கு வழியில் ஏது பயம்? மைத்துனரிடமும் கேட்கலாம் என்றிருந்தேன். அவர் அன்று வீட்டுக்கு வந்திருந்தது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போன பிறகுதான் தெரிந்தது. கூச்ச சுபாவம்.

செவ்வாய்க்கிழமை பிரிவைக் கவனித்தேன். மூத்த குமாஸ்தா, தட்டச்சு அம்மா, கம்ப்யூட்டர்காரர், பியூன், ஜூனியர் என்று ஐந்து பேர். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. வேலையில் அவ்வளவு ஈடுபாடு. "மின்விசிறி ஆடுது, கழண்டு விழப்போகுது" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் ஐந்து பேரும் சிரித்தார்கள். பதினொன்றரை மணிக்கு அது விழுந்தது. அப்போதும் மூத்த குமாஸ்தா கொஞ்சம் சிரித்தார். கலகலப்பான பிரிவு.

ஆனாலும் கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். எதையும் எழுத்தில் வாங்கிப் பழகியவன் நான். ஆகவே புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு வைத்தேன்.

முறைப்படிதான் நடத்தினேன். மேசைக்கு மேசை நான்கடி இடைவெளி. பை, செல்போன் எல்லாம் வெளியே. பெயர் எழுதக் கூடாது என்பதால் சீட்டுகளுக்கு ரகசிய எண். ஒரே ஒரு வினா: கண்காணிப்பாளரைக் கண்டால் உமக்குப் பயமா? காரணம் தருக. ஒரு மதிப்பெண். நேரம் பத்து நிமிடம். அவர்கள் தனியாக உணரக் கூடாது என்று நானே ஒவ்வொருவர் பின்னாலும் இரண்டு நிமிடம் நின்றேன்.

"சார், எனக்கா பயம்?" என்று பியூன் நடுவில் எழுந்துவிட்டார். "நீங்க தங்கமான மனுஷன் சார். இதைக் கோயில்ல வேணா வந்து சொல்றேன்."

"எழுதுங்க" என்றேன்.

சீட்டுகளைப் பிரித்தேன். ஐந்திலும் ஒரே வரி. 'இல்லை, தாங்கள் எங்கள் தந்தை போன்றவர்.' மூத்த குமாஸ்தாவுக்கு என்னைவிட நான்கு வயது அதிகம். பிட் அடித்திருக்கிறார்கள் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தேர்வை ரத்து செய்து, பன்னிரண்டு மணிக்கு மறுதேர்வு வைத்தேன். இம்முறை காரணம் வேண்டாம். ஒரு சொல்லில் விடை.

பன்னிரண்டரைக்கு முடிவை அறிவித்தேன். 'இல்லை' நான்கு. 'ஆம்' ஒன்று.

அறையில் அப்படி ஓர் அமைதியை நான் கேள்வித்தாள் தொலைந்த ஆண்டில்கூடப் பார்த்ததில்லை. "எழுதினவங்க யாரா இருந்தாலும் பயப்பட வேண்டாம். நான் கண்டுபிடிச்சிடுவேன்" என்று ஆறுதல் சொன்னேன். தட்டச்சு அம்மா தண்ணீர் கேட்டார்.

வியாழக்கிழமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தேன். பேசுவது வெளியே கேட்கக் கூடாதே என்று கதவைத் தாழிட்டேன். அவரவர் மானம் அவரவருக்கு. 'ஆம்' என்ற சொல்லை ஆளுக்கு ஐம்பது முறை எழுதச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தட்டச்சு அம்மா முப்பதாவதிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான்தான் சார் எழுதினேன். என்ன விட்டுருங்க சார், பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துடுவா." கம்ப்யூட்டர்காரர் உட்காருவதற்கு முன்பே ஒப்புக்கொண்டார். பியூன், "நான் எழுதினேன் சார். ஆனா வேற ஒரு சாரை நினைச்சு எழுதினேன்" என்றார். மூத்த குமாஸ்தா பக்குவமானவர். "எழுதல சார்" என்றார், என் முகத்தைப் பார்த்தார், "ஆனா எழுதினதாவே வெச்சுக்கங்க. எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீஸ்" என்றார்.

ஆக, ஒரு சீட்டுக்கு நான்கு சொந்தக்காரர்கள். ஜூனியர் மட்டும்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் திங்கட்கிழமையிலிருந்தே என் அறை வாசல் வரை வருவதும் போவதுமாக இருந்தார். கையெழுத்துக் கேட்கத்தான். நான் எண்ணிவைத்திருக்கிறேன், பதினேழு முறை. 'உள்ளே வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வருகிறாரா பார்ப்போம் என்று இருந்துவிட்டேன். உத்தரவு என் இழுப்பறையில் பத்திரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலே காலுக்கு நானே அழைத்தேன். கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. தாழ்ப்பாள் வேறு முந்தின நாள் உபயோகத்தில் தளர்ந்திருந்தது. அதனால் என் நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு அதில் நானே உட்கார்ந்துகொண்டேன். கதவின் நிலை இதுதான்.

"பயப்படாதீங்க ஜூனியர்."

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"பயப்படல சார்."

"அப்புறம் ஏன் கை நடுங்குது?"

"ஏசி சார்."

என் அறையில் ஏசி கிடையாது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. ஒருவரை மடக்குவது என் வழக்கம் அல்ல.

"அந்தச் சீட்ட எழுதினது நீங்கதானே?"

"சத்தியமா இல்ல சார். நான் 'இல்லை'ன்னுதான் எழுதினேன்."

"மத்த நாலு பேரும் பெருந்தன்மையா ஒத்துக்கிட்டாங்க. நீங்க மட்டும் ஏன் அடம் பிடிக்கறீங்க?"

"அதான் நாலு பேர் ஒத்துக்கிட்டாங்களே சார். அப்புறம் என்ன எதுக்கு கேக்குறீங்க?"

பதினோரு ஆண்டுகளில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தது.

நாலு நாற்பதுக்கு உத்தரவை வெளியே எடுத்தேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பயம் தெளிஞ்சாதான் கையெழுத்து. இப்படியே அனுப்பினா நூலகத்துல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றேன்.

"தெளிஞ்சிருச்சு சார்."

"எப்ப?"

"இப்பதான் சார்."

"அப்படின்னா என் கண்ணப் பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தார். நான்கு விநாடி இருக்கும். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பது. "இன்னும் தெளியல. திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று பேனாவை மூடினேன்.

"திங்கட்கிழமை இடம் போயிடும் சார்."

"இங்க உங்க இடம் அப்படியேதானே இருக்கு?"

அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் என் கையிலிருந்து உத்தரவை மெதுவாக உருவினார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஜன்னல் விளிம்பில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தார். போகிறேன் என்று சொல்லவில்லை ஐயா. "வரேன் சார்" என்றார். பயந்த மனிதர் திரும்பி வருவதாகவா சொல்வார்?

கீழே இரு சக்கர வண்டிகளுக்கான தகரக் கொட்டகை. அதைத் துளைத்துக்கொண்டு என் ஸ்கூட்டர் மேல் விழுந்தார். குதிகால் எலும்பு விரிசல். இருந்தும் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே முதல்வர் அறைக்குப் போய், என் இடத்தில் முதல்வரிடமே கையெழுத்து வாங்கி, ஐந்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது நூலகத்தில் சேர்ந்துவிட்டார். பதினோரு ஆண்டுகளில் அவர் இவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு காரியம் செய்து நான் கண்டதில்லை. மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, இப்போது எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறாராம். காப்பி குடிக்கிறாராம். பயத்தைத் தெளிவித்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

உத்தரவை ஐந்து நாள் வைத்திருந்தது, கதவை மறித்தது என்று நீங்கள் சாட்டியிருக்கும் இரண்டு குற்றங்களையும் ஏற்கிறேன். குற்றப்பத்திரிகையில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

மறுதேர்விலும் ஐந்து பேரும் 'இல்லை' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்றால் எந்த மேலிடமும் நம்பாது. அனுபவமுள்ள தேர்வுப் பிரிவு ஒருவரையாவது நிறுத்தி வைக்கும்; அப்போதுதான் முடிவுக்கு ஒரு மரியாதை. அதனால் ஒரு சீட்டைக் கிழித்துப்போட்டு, அந்த எண்ணில் வேறு சீட்டு எடுத்து 'ஆம்' என்று எழுதியது நான்தான். இடது கையால் எழுதினேன். பிறகு அதற்கு ஓர் ஆளைத் தேட வேண்டியதாயிற்று. அலுவலகத்தில் ஒரு காகிதம் அநாதையாகக் கிடக்கக் கூடாது. ஜூனியர் உண்மைதான் சொல்கிறார் என்று அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

ஆனால் இதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. பயப்படுகிறவர்கள் உண்மையைக் கக்கிவிடுவார்கள். இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன். என் கையால் நான் எழுதிய சீட்டைத் தாங்கள் எழுதியதாக நான்கு பேர் என் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னார்கள் என்றால், ஐயா, அவர்களுக்கு என்னிடம் எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும்.