போஸ்டரில் இருந்த பெயர்

— அவரைப் பார்த்துக் கொஞ்சம் சிரிடி மேவிஸ். மனுஷன் உன் முகத்தையே பார்த்துக்கிட்டிருக்கார்.

— எப்படிக்கா சிரிக்கிறது? யாருன்னே தெரியாத பெரியவர், மேக்கப் ரூமுக்குள்ள வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறார். என்னதான் சொல்றார்? நீங்கதானே இவ்வளவு நேரம் ரஷ்யன்ல பேசினீங்க?

— சொன்னா கத்தக் கூடாது. பெட்டி கட்டுற ஆளுங்க வெளியிலதான் நிக்கிறாங்க.

— கத்தலை, சொல்லுங்க தமாரா அக்கா.

— உன்னைத் தன் பொண்ணுங்கறார்.

— என்னது! எங்கப்பா இங்கிலாந்துல மீன் வறுத்து வித்துக்கிட்டிருக்கார்!

— அது எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியுமா? வடக்கே எங்கேயோ கரும்புக் காட்டுல வேலையாம். கடைக்காரன் கறி சுத்திக் கொடுத்த பேப்பர்ல நம்ம விளம்பரம். லாரிஸா வெர்ஷினினான்னு உன் பேரு. இவர் பொண்ணு பேரும் அதேதானாம். அப்படியே ரயிலேறி பிரிஸ்பேனுக்கு வந்துட்டார். பூட்ஸைப் பாரு, மண்ணு கூடப் போகலை.

— ஐயோ, என்னக்கா இது, மண்டி போடறார்! எழுந்திருக்கச் சொல்லுங்க!

— மன்னிப்புக் கேட்கறார் கண்ணு. உள்நாட்டுச் சண்டையப்போ ஒடெஸ்ஸாவுல பொண்டாட்டியையும் கைப்பிள்ளையையும் கப்பல்ல ஏத்திவிட்டு, பின்னாடியே வர்றேன்னாராம். வர முடியலை. அந்தக் கோபத்துலதான் நீ பேச மாட்டேங்கறேன்னு நினைக்கிறார். நான் சமாளிச்சு வெச்சிருக்கேன், இவளுக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு.

— அதுக்குத்தான் இந்தப் பாட்டிலை நீட்டுறாரா?

— தேன். தன் வீட்டுக் கூட்டுல எடுத்ததாம். வாங்கிக்கோ.

— நான் வாங்க மாட்டேன். இது மேடைக்கு வெச்ச பேருன்னு சொல்லிடுங்க. இங்கிலீஷ்காரி பாலே ஆடினா கூட்டம் வராதுன்னு முதலாளிதானே எங்களுக்கெல்லாம் ரஷ்யப் பேரு வெச்சார்? ஊர்ல எத்தனையோ லாரிஸா இருப்பாங்க.

— லாரிஸா இருப்பாங்க. லாரிஸா வெர்ஷினினா ஒருத்திதான் இருந்தா.

— ஏன்க்கா முகம் இப்படிப் போகுது?

— உனக்கு முன்னாடி நம்ம குழுவுல ஆடினவ. என் ரூம்லதான் இருந்தா. பிரான்ஸ்ல, மார்ஸேயில காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துட்டா. லண்டனுக்கு போஸ்டர் அடிச்சு ஒட்டியாச்சு. முதலாளி என்ன பண்ணுவார்? புதுசா வந்தவ தலையில அந்தப் பேரைக் கட்டிட்டார்.

— செத்தவ பேரையா எனக்கு வெச்சீங்க? அப்போ அந்த நீல உடுப்பு? இடுப்புல பிடிச்சுத் தைச்சிருக்கே, அது?

— அவளோடதுதான்.

— அதைப் போட்டுக்கிட்டுத்தான் இத்தனை ஊர்ல கைதட்டல் வாங்கினேனா? உடம்பெல்லாம் கூசுது அக்கா. ஒருத்தராவது சொல்லலையே!

— சொல்லியிருந்தா நீ ஆடியிருப்பியா? எல்லாருமே வாயை மூடிக்கிட்டோம். வெட்கங்கெட்ட பொழப்பு, போ.

— அவ சாகும்போது நீங்க கூட இருந்தீங்களா?

— அன்னிக்கு ஆட்டம் இருந்துது.

— அக்கா...

— ஆட்டம் இருந்துதுன்னு சொல்றேன்ல! முடிச்சுட்டு வந்துடறேன்னு அவகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். நான் வர்றதுக்குள்ள... விடு. அதைக் கிளறாதே.

— இவர் அழுகையை நிறுத்திட்டார், பாருங்க. அசையாம உட்கார்ந்திருக்கார்.

— பொண்ணைக் கண்ணால பார்த்தாச்சுல்ல, மனசு ஆறியிருக்கும்.

— இவரை முன்னாடி வெச்சுக்கிட்டே பேசறோம். தப்பா இருக்குக்கா.

— இங்கிலீஷ்லதானே பேசறோம்? இவர் வந்ததுலேர்ந்து ரஷ்யன் தவிர வேற ஒரு வார்த்தை வரலை. கேட்டியா, நாளைக்கு நாம சிட்னிக்குப் போயிடுவோம். ஒரு தடவை கட்டிக்கோ, கன்னத்துல ஒரு முத்தம் கொடு. பொண்ணு மன்னிச்சுட்டாள்னு சந்தோஷமா ஊருக்குப் போவார்.

— அது பொய்.

— உண்மையை நீ சொல்றியா? உன் பொண்ணு செத்துட்டா, அவ துணியைப் போட்டுக்கிட்டு நான் ஆடறேன்னு? என்னால முடியாதும்மா. என் வாயில அது வராது.

— அப்பான்னு உங்க பாஷையில எப்படிச் சொல்றது?

— தொண்டை கட்டினவளுக்குப் பேச்சு எதுக்கு? கையைப் பிடி, போதும்.

— பிடிச்சுட்டேன். முடியலை அக்கா, என்னால முடியலை. ஐயா, மன்னிச்சுக்கோங்க. நான் உங்க லாரிஸா இல்லை, நான்...

— தெரியுது தாயீ, அழுவாத. இத்தன வருசமா இந்த ஊர்க்காரங்களோடதான் கரும்பு வெட்டுறேன், இங்கிலீசு எனக்கும் புரியும். ஏம்மா தமாரா, நீ ஆடப் போயிட்டியே, அன்னிக்கு எம்பொண்ணு பக்கத்துல யாரு இருந்தா?