பவுடர் என்ற நாய் இறந்த விதம்

என் பெயர் தேவேந்திரன், வயது 47, தகப்பனார் பெயர் முனிகிருஷ்ணன். ஆந்திர மாநிலம் நகரி, புது நெசவாளர் காலனி, மூன்றாவது தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டு, வீட்டை ஒட்டிய ஷெட்டில் நான்கு பவர்லூம் வைத்து லுங்கி, துண்டு நெய்து விற்று வருகிறேன். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுதப் படிக்க வராது. ஆகையால் நான் தமிழில் சொல்வதை ஏட்டு ஆதிகேசவன் அவர்கள் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார். இன்று 14.10.2025 செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு யாரும் கூப்பிடாமல் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் சரக்கு கொடுக்க பெங்களூர் போனபோது, கடையிலேயே பீர் காய்ச்சி ஊற்றும் ஓர் இடத்துக்கு வியாபாரி ஒருவர் என்னை அழைத்துப் போனார். ஆறு சின்ன கிளாஸில் ஆறு விதமாக வைத்தார்கள். அதுவரை பீர் என்றால் சில்லென்று இருந்தால் போதும் என்று இருந்தவன் நான். ஒன்றில் காபி வாசனை, ஒன்றில் ஆரஞ்சுத் தோல் வாசனை. அந்த வாசனையும் கசப்பும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அதன் பின்பு எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே எழுதிக்கொள்ளலாம். ஆன்லைனில் வேர்த்துண்டு வரவழைத்து ஷெட்டின் வடக்குச் சுவரோரம் ஐந்து கொடி வைத்தேன். நம் ஊர் வெயிலில் இரண்டு கருகிப்போயின, மூன்று பிழைத்தன.

கொடி ஏறுவதற்குப் பாவு நூலை முறுக்கிக் கட்டிக் கொடுத்தவன் என் தறியில் வேலை செய்யும் சிரஞ்சீவி, வயது 31. "இன்னா பேருண்ணா இதுக்கு?" என்று கேட்டான். ஹாப்ஸ் என்றேன். "ஆப்பா? யாருக்குண்ணா வெக்கப்போறீங்க?" என்று சிரித்தான். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அது ஆப்புச் செடி.

பார்லியை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் அந்தப் பூவைத் துணியில் முடிந்து போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறிய பின்பு ஈஸ்ட் போட்டு மூடிவைப்பேன். இதுவரை ஏழு முறை காய்ச்சியிருக்கிறேன். யாருக்கும் விற்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். என் மனைவியிடம் கிட்னிக்கு நல்ல பார்லித் தண்ணீர் என்று சொல்லியிருந்தேன். அவள் நம்பினாளா என்று நான் கேட்டதில்லை.

வெந்த பூ நாய்க்கு ஆகாது, உயிருக்கே ஆபத்து என்று முதலிலேயே படித்திருந்தேன். ஆகையால் பூவை ஒவ்வொரு முறையும் வாழை அடியில் குழி தோண்டிப் புதைத்துவிடுவேன். பார்லிச் சக்கையை மட்டும் பக்கத்து வீட்டு ரத்தினம்மாவின் நாய்க்கு ஒரு பிடி வைப்பேன். ரத்தினம்மா பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர், அந்த வீட்டில் அவரும் நாயும்தான். வெள்ளை நாய், பெயர் பவுடர். சக்கை வாளியின் சத்தம் கேட்டாலே வந்துவிடும். அந்த வாளிக்கு அதைப் பழக்கியவன் நான்.

12.10.2025 ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் மகளும் விஜயபுரம் போயிருந்தார்கள். காலை பத்து மணிக்குக் காய்ச்சி முடித்தேன். அப்போது என் சிநேகிதர் ஜெபகுமார் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டதாகப் போன் செய்தார். போன மாதம் காய்ச்சியதை ருசி பார்க்க வந்தவர். அவசரத்தில் பூ முடிச்சைச் சக்கை வாளியிலேயே அவிழ்த்துக் கொட்டி, பிறகு புதைக்கலாம் என்று கொல்லையில் வைத்துவிட்டு அவரை அழைத்துவரப் போனேன். அதன் பின்பு இருவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து குடித்தோம். அவர் கொய்யா வாசனை என்றார், நான் ஆரஞ்சுத் தோல் என்றேன், அரை மணி நேரம் அதே பேச்சு. அந்தச் சமயத்தில் நாய் வந்து வாளியில் தின்றிருக்க வேண்டும். இறங்கி வந்தபோது வாளி காலியாக இருந்தது. ஜெபகுமாருக்கு இதில் ஒன்றும் தெரியாது, அவர் ஒரு மணி பஸ்ஸில் போய்விட்டார்.

அதன் பின்பு சுமார் இரண்டரை மணிக்கு ரத்தினம்மா என் கேட்டில் வந்து நின்று, "தம்பி, ஐஸ் இருந்தா குடுப்பா. பவுடரு மூச்சு வாங்கிக்கினே கீது, மேல கைய வெச்சா நெருப்பா கொதிக்கிது. இன்னா துன்னுச்சோ தெர்லப்பா" என்றார். பிரிட்ஜில் பீர் பாட்டில்களை ஒதுக்கிவிட்டு ஐஸ் தட்டை எடுத்துக் கொடுத்தேன். ஐஸ் விஷயம் கேஸுக்கு வேண்டியதில்லை என்று ஏட்டு சொன்னார், நான்தான் எழுதச் சொன்னேன். இன்னது தின்றது என்று அப்போதே சொல்லியிருந்தால் டாக்டர் ஏதாவது செய்திருப்பார். நாளை புதன்கிழமை என் மகள் யாமினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். நாயை ஆட்டோவில் ஏற்ற நானும் கை கொடுத்தேன், அதன் சூடு என் சட்டை வழியாக நெஞ்சில் பட்டது. புத்தூர் கால்நடை டாக்டரிடம் போகும் வழியிலேயே அது இறந்துவிட்டது.

போன வாரம் அந்த நாய் துரத்தி சிரஞ்சீவி வண்டியிலிருந்து விழுந்து முழங்கை தேய்ந்தது. "இரு, உனுக்கு ஒரு நாள் வெக்கிறேன்" என்று நடுத்தெருவில் கத்தினான், தெருவே கேட்டது. அதை வைத்து ரத்தினம்மா நேற்று அவன் மேல் புகார் கொடுக்க, நேற்று மாலை அவனை இங்கே அழைத்து வந்தார்கள். வெள்ளிக்கிழமை என்னோடு சேர்ந்து பூப் பறித்தவன் அவன். வெந்த பூவை நான் ஏன் புதைக்கிறேன் என்பதும் அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். சொல்லிவிடுவான், போலீஸ் வரும் என்றுதான் நேற்று ராத்திரி முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை நான் உள்ளே வந்தபோது அவன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, "ஆப்புச் செடிக்குத் தண்ணி உட்டீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டான்.

இதுவரை எழுதியதை ஏட்டு எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஒரு திருத்தம். நாய் தின்றிருக்க வேண்டும் என்று மேலே சொன்னது பொய். மாடிச் சுவரில் சாய்ந்து நின்ற நான் அதைப் பார்த்தேன். தலை வாளிக்குள் இருந்தது, வால் ஆடிக்கொண்டிருந்தது. வாளியில் பூ இருப்பதும் அப்போதே ஞாபகம் வந்தது. கையில் கிளாஸ் இருந்தது. இந்த மடக்கைக் குடித்துவிட்டு இறங்கலாம் என்று நின்றேன். நான் காய்ச்சியதிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது.

இந்தத் திருத்தத்தோடு சேர்த்துப் படித்தால் மேற்கண்ட யாவும் உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. சிரஞ்சீவியை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ரத்தினம்மாவைக் கூப்பிட்டு இதை அவருக்கும் படித்துக் காட்ட வேண்டும். படிக்கும்போது நானும் இங்கேயே இருக்கிறேன்.

(ஒப்பம்) மு. தேவேந்திரன்