ஒரே மயக்கத்தில் காதுகுத்து

"அதே மயக்கத்துலயே புள்ளைக்குக் காதும் குத்திடுவீங்களான்னு டாக்டரக் கேட்டேங்க."

கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். அவள் மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கணவர்.

"இன்னாமே, மானத்த வாங்கிட்டியா?"

"அவருதாங்க சொன்னாரு. சின்னக் கொழந்தைக்கு அடிக்கடி மயக்கம் குடுத்தா மூளைக்கு நல்லதில்லயாம். ஒரு தபா, கொஞ்ச நேரம்னா பயமில்லயாம். அதனால ரெண்டு பக்கத்துக் குடலிறக்கத்தையும் ஒரே மயக்கத்துல முடிச்சிடறேன்னாரு. காது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?"

"தாய்மாமன் மடில வச்சித்தான குத்தணும்? உன் தம்பிய ஆப்பரேஷன் தியேட்டருக்குள்ள உடுவாங்களா?"

"பச்ச டிரஸ் மாட்டி உட்டா ஆச்சி."

"அவன் ரத்தத்தப் பாத்தா தானா உழுந்துடுவான். மருந்தே வேணாம்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் குழந்தையின் தலையை மெல்லத் தடவினாள்.

"வளந்தப்புறம் செய்யலாமான்னும் கேட்டேன். கொடலு மாட்டிக்கினா ஆபத்து, தள்ளிப் போடக் கூடாதுன்னுட்டாரு. பயமா இருக்குதுங்க. அதான் காதப் பத்தியே பேசிக்கினு இருக்கேன்."

அவர் குழந்தையைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"அப்டியே மொட்டையும் அடிச்சி உட்ருவாங்களான்னு கேட்டியா?"