சம்மதமான்னு கேட்டாங்க

இல்ல தங்கச்சி, காபி போதும். காலைலேர்ந்து எத்தன கப் குடிச்சேன்னு எனக்கே தெரியல. அவங்க பாட்டுக்கு கொண்டுவந்து வச்சுட்டே இருக்காங்க, எனக்கு வேணாம்னு சொல்லிப் பழக்கம் விட்டுப்போச்சு. நீங்க உக்காருங்க. கோர்ட்டுல கூப்பிட இன்னும் நேரமாகும்னு நீங்கதானே சொன்னீங்க? அதுவரைக்கும் நீங்க செவுத்தப் பாத்துக்கிட்டு, நான் உங்களப் பாத்துக்கிட்டு, எவ்ளோ நேரம்தான் உக்காந்திருக்கிறது?

என்னது, கேஸப் பத்தி பேசக் கூடாதா? மொழிபெயர்க்கிறவங்களுக்கு அப்படி ஒரு சட்டமா? சரி, சரி. நான் கேஸப் பத்தி பேசல. நான் வந்து சேர்ந்த கதையச் சொல்றேன், அதுக்கு ஒண்ணும் தடை இல்லையே? பாருங்க, சிரிச்சிட்டீங்க.

நான் உள்ள போயி ஏழு வருஷம் ஆகுது. திருட்டுக் காரைப் பிரிச்சு, பழைய இரும்புன்னு சொல்லி கன்டெய்னர்ல ஏத்தி அனுப்புற கிடங்கு. அங்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சேதான் ஓட்டினேன், யோக்கியன் வேஷமெல்லாம் போட மாட்டேன். போலீஸ் வர்றதுக்கு முந்தின நாளே முதலாளி பிளேன் ஏறி உங்க ஊருக்கு வந்துட்டாரு. நான் ஃபோர்க்லிஃப்ட்ல ஏறி எவ்ளோ தூரம் ஓட முடியும், நீங்களே சொல்லுங்க. மாட்டிக்கிட்டேன். மனுஷன் இங்க வந்தும் சும்மா இருக்காம அதே வேலையக் காட்டி, இப்ப கூண்டுல நிக்கிறாரு. அதுக்குத்தான் இந்த மரியாதையெல்லாம்.

ஒரு நாள் ஜெயில் சூப்பிரண்டு கூப்பிட்டு விட்டாரு. உள்ள போனா, உக்காருங்கங்கிறாரு. நான் திரும்பிப் பாத்தேன், பின்னாடி வேற யாராவது பெரிய மனுஷன் வந்து நிக்கிறானான்னு. யாரும் இல்ல. ஏழு வருஷமா டேய்னு கூப்பிட்ட அதே வாயி தங்கச்சி! பக்கத்துல கோட்டு போட்ட அதிகாரி ஒருத்தரு. வெளிநாட்டுக் கோர்ட்டுல போயி சாட்சி சொல்ல உங்களுக்கு சம்மதமா, விருப்பம் இல்லன்னா உங்கள அனுப்பவே முடியாது, யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, நல்லா யோசிச்சு சொல்லுங்கன்னு கேக்குறாரு. ஜெயில்ல போடும்போது யாராவது இப்படிக் கேட்டாங்களா? அத விடுங்க, என் கல்யாணத்துலயே யாரும் கேக்கல. அப்பா தேதி சொன்னாரு, குளிச்சிட்டுப் போயி உக்காந்தேன்.

ஆசையா இருந்துச்சு தங்கச்சி, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் டைம் குடுங்க சார், யோசிக்கணும்னேன். சும்மாதான். யோசிக்க என்ன இருக்கு? ஆனா அந்த ரெண்டு நாளும் ராஜ வாழ்க்கை. குழம்புல காய் கிடந்துச்சு. பெரிய வார்டரே வந்து, என்னப்பா, முடிவு பண்ணிட்டியான்னு குழையுறாரு. அதோ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன்ல கடைத்தெருவ வீட்டம்மாவுக்குக் காட்டிக்கிட்டு இருக்காரு பாருங்க, அவருதான். என் கூட யாரு வர்றதுன்னு அங்க பெரிய அடிதடியே நடந்துச்சு. முட்டிவலின்னு லீவு போட்டவங்கள்ளாம் குதிச்சு எழுந்து வந்துட்டாங்க. யாரு யாரையோ புடிச்சு சிபாரிசு. கடைசில மூணு பேரு ஜெயிச்சாங்க. இப்ப மூணு பேரும் என்ன காவல் காக்குறாங்களாம். நேத்து அதுல ரெண்டு பேரு வழி தெரியாம எங்கயோ மாட்டிக்கிட்டு, இந்த ஊரு போலீஸ்தான் புடிச்சுக் கொண்டுவந்து விட்டுச்சு.

பிளேன்ல கடைசி சீட்டு. விலங்கு மேல ஒரு துண்டப் போட்டு மூடிட்டாங்க, மத்தவங்க பயப்படுவாங்களாம். சாப்பாடு வந்துச்சு. ஒரு கையி வார்டர் கையோட சேத்து மாட்டியிருக்கு. நான் வாய்க்குக் கொண்டுபோனா அவரு கையும் என் வாய்க்கு வருது, அவரு கொண்டுபோனா என் கையி அவரு வாய்க்குப் போவுது. பாத்தவங்க என்ன ஒரு பாசம்னு நெனச்சிருப்பாங்க.

இங்க உங்க ஜெயில்ல எனக்கு ஒரு தலையணை குடுத்தாங்க. லைட்ட அணைக்கட்டுமா, எரியட்டுமான்னு கேட்டாங்க. டாக்டரு வந்து கையில பட்டைய சுத்தி காத்தடிச்சுப் பாத்துட்டு, உங்களுக்கு பிரஷர் இருக்குன்னாரு. இல்லாம இருக்குமா? அப்புறம் இன்னொரு அதிகாரி வந்து ஒரு உறுதிமொழி வாசிச்சாரு, நீங்கதானே அத எனக்கு சொன்னீங்க. நான் இங்க இருக்கிற வரைக்கும் பழைய குத்தம் எதுக்கும் என்னப் புடிக்க மாட்டாங்களாம். சாட்சி முடிஞ்சதும் ஒரு கீறல்கூட இல்லாம பத்திரமா திருப்பி அனுப்பிடுவாங்களாம். கேக்க எவ்ளோ குளிர்ச்சியா இருந்துச்சு! என்ன ஒண்ணு, இவங்க உறுதி குடுத்துட்டாங்க. நான் திரும்பிப் போனப்புறம் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எங்க ஆளுங்ககிட்ட உறுதி கேக்கணும்னு யாருக்கும் தோணல.

ஏன் கேக்கணுமா? வரேன், வரேன்.

சாட்சி சொல்றது பெரிய விஷயம் இல்ல தங்கச்சி. முதலாளி கிடங்குக்கு நேர்ல வந்தாரா, வந்தாரு. அவரே நின்னு ஏத்தச் சொன்னாரா, சொன்னாரு. ஒரு தடவ நான் சிவப்புக் காரு ஒண்ணுல கீறல் போட்டுட்டேன்னு அவரே கன்னத்துல அறைஞ்சாரு. அவரு வக்கீலு என்ன வேணா கேக்கட்டும், கன்னம் மறக்குமா? அதுக்கெல்லாம் நான் பயப்படல.

நேத்து அரசு வக்கீலம்மா கடைசியா ஒண்ணு சொன்னாங்களே, அதுதான். நீங்கதான் தமிழ்ல சொன்னீங்க. கிடங்குல உங்க கூட இருந்த வெல்டிங்காரரையும் சாட்சிக்கு கேட்டிருந்தோம், அவரு வர சம்மதிக்கலைன்னு உங்க ஜெயில்லேர்ந்து பதில் வந்துச்சு. எதிர்த்தரப்பு வக்கீலு அதத்தான் புடிப்பாரு, வெல்டிங்காரரு பொய் சொல்ல மனசு வராம ஒதுங்கிட்டாரு, நீ மட்டும் ஊரு சுத்திப் பாக்க வந்துட்டியான்னு கேப்பாரு. அவரு ஏன் வரலைன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுங்க, அதோட விட்டுடுவாங்க. அப்படித்தானே சொன்னீங்க?

நான் தலைய ஆட்டினேன். பெரிய வார்டர் எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரே, வேற என்ன பண்றது? அவரு அப்ப தரையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.

அந்த வெல்டிங்காரன் பேரு கொக்கு. உசரமா, ஒல்லியா, கழுத்த நீட்டி நீட்டி நடப்பான், அதனால அப்படிக் கூப்பிடுவோம். ரெண்டு பேரும் ஒரே கொட்டடிதான். பாட்டு பாடுறேன்னு உயிர வாங்குவான், பாவி. சம்மதம் கேட்டிருந்தா கேள்வி முடியறதுக்குள்ள பிளேன்ல ஏறி ஜன்னல் சீட்டப் புடிச்சிருப்பான். அவனப் போயி சம்மதிக்கலைன்னு சொல்லியிருக்காங்க.

ஒரு விதத்துல அவங்க பொய் சொல்லல தங்கச்சி. அவன் சம்மதிக்கலதான். செத்துப் போயிட்டான், எப்படி சம்மதிப்பான்?

எழுந்துக்காதீங்க, உக்காருங்க, பெரிய வார்டர் திரும்பிப் பாக்குறாரு. சிரிச்ச மாதிரி இருங்க. நானும் சிரிக்கிறேன் பாருங்க.

இந்த ஊர்லேர்ந்து சாட்சிக்கு ஆளு கேட்டு கடுதாசி வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில நின்னவன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டான். எதிர்ல ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. கத்தினா கேக்கும். ஆனா கைதிய வெளிய கூட்டிட்டுப் போகணும்னா கூட காவலுக்கு ஆளு வேணும். ஆளு இல்லன்னாங்க. எல்லாரையும் மந்திரி விழாவுக்கு அனுப்பியாச்சு, வந்ததும் பாக்கலாம்னாரு அந்தா நிக்கிறாரே, அவருதான். நான் கால்ல விழுந்தேன். ரோட்டத் தாண்ட ஒருத்தர் போதும் தங்கச்சி, ஒருத்தர். பொழுது சாயறப்ப என் மடியிலயே போயிட்டான். எனக்குப் பாருங்க, கடலத் தாண்ட மூணு பேரு.

அவன் பொண்டாட்டிகிட்ட ஆஸ்பத்திரியில வச்சு செத்தான்னு சொல்லிட்டாங்க. எங்க ஜெயிலுக்கு ஒரு ஜட்ஜு பார்வையிட வருவாரு, அவருகிட்ட வாயத் தொறந்தேன். சாம்பார ருசி பாத்துட்டு, உப்பு கொஞ்சம் கம்மின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

நான் சம்மதம்னு சொன்னது பிளேனுக்கு இல்ல. சத்தியம் வாங்கிக்கிட்டு, நான் சொல்றத ஒருத்தர் விடாம எழுதிக்கிற எடம் எனக்கு வேற எங்க கிடைக்கும்? இத எப்படி நடுவுல நுழைக்கிறதுன்னுதான் தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்தேன். நேத்து நீங்க அந்தக் கேள்வியச் சொன்னதும் வழி கிடைச்சிடுச்சு. அந்த வக்கீலு கேக்கட்டும். கேக்கணும்.

பயமா இருக்கு, இல்லாம என்ன. திரும்பிப் போகப்போறது அதே ஜெயிலுக்குத்தான், அதே பெரிய வார்டர் கையில மாட்டிக்கிட்டு. அதெல்லாம் நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சு முடிச்சாச்சு.

கதவத் தொறக்குறாங்க, நம்மளத்தான். வாங்க. அவரும் உள்ள வந்து உக்காருவாரு, அவருக்கும் நான் பேசுறது புரியும். ரெண்டாந்தடவ சொல்ல என்ன விடுவாங்களான்னு தெரியாது. அதனால நீங்க தயங்கி நின்னுடாதீங்க. காலமாயிட்டாரு, தவறிட்டாருன்னு எல்லாம் அழகு பண்ண வேணாம். சாக விட்டாங்கன்னு சொல்லுவேன், நீங்களும் அப்படியே சொல்லுங்க.