கயிற்றில் ஏறிய ஸ்லைடு

கோட்டாறு செந்தாமரை தியேட்டரின் வெளிச்சத்துக்கு நாற்பத்தொரு ஆண்டுகள் காவல் நின்றவரே! புரொஜெக்டர் விளக்கில் கரி எரிந்த காலத்தின் கண்ணெரிச்சலையும், கம்ப்யூட்டர் வந்த காலத்தில் சும்மா இருந்ததையும் ஒரே முகத்தோடு தாங்கியவரே! ஆபரேட்டர் நாராயணபெருமாள் அண்ணாச்சி அவர்களே! வணக்கம்.

தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு இருந்தபோது வந்தீர்கள். தரை போனது, பெஞ்சு போனது, இரண்டு புரொஜெக்டர்களும் பழைய இரும்புக்குப் போயின. அறுநூறு பேர் அமர்ந்த இடத்தில் சென்ற மாதம் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் நேரம் தவறாமல் படம் போட்டீர்கள். நாளை இடிக்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம்.

உங்களுக்கு வழியனுப்பு விழா என்றதும் டிக்கெட் கவுண்டர் ஞானத்திடம் சொன்னீர்கள்: "என்ன வேணும்னாலும் செய்யுங்க. என்னயக் கீழ மட்டும் கூப்பிடாதீங்க."

ஏன் என்று எங்களுக்குத் தெரியும். இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தெரியும்.

செல்போன் வராத காலம். வீட்டில் ஏதாவது என்றால் ஆட்கள் தியேட்டருக்குத்தான் ஓடி வருவார்கள். கேட்டில் நின்ற செல்வன், கண்ணாடித் துண்டில் ஆளின் பெயரையும் ஊரையும் எழுதி, 'வெளியே வரவும்' என்று முடிப்பான். காரணம் எழுதுவதில்லை, சாவாகவும் இருக்கும், கல்ஃபிலிருந்து மச்சான் வந்ததாகவும் இருக்கும். அந்த ஸ்லைடைக் கயிற்றில் கட்டிய தகர டப்பாவில் வைத்தால், நீங்கள் கேபின் ஜன்னலிலிருந்து கயிற்றை இழுப்பீர்கள். திரையில் நேராக விழ, ஸ்லைடு மெஷினில் தலைகீழாகச் செருகுவீர்கள். வாசிப்பதில்லை.

அன்று மாட்டினிக் காட்சி. உங்கள் பக்கத்து வீட்டு முத்துநாயகம், உங்கள் மனைவியைப் பற்றிய செய்தியோடு ஓடி வந்தார். "ஏலே செல்வா, பகவதி மைனிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. அண்ணாச்சிய உடனே வரச் சொல்லு!"

உங்கள் கேபினுக்குப் படி இருபத்திரண்டு. செல்வனுக்கு உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. கண்ணாடியை எடுத்தான். உங்கள் பெயரை எழுதினான்.

நீங்கள் அதைத் திரையில்தான் வாசித்தீர்கள், அறுநூறு பேரோடு. "ஏலே, ஆபரேட்டரையே கூப்பிடுகானுவ! படத்த யாருல ஓட்டுவா?" என்று தரை டிக்கெட் சிரித்தது. துணை ஆள் அன்று லீவு. இடைவேளைக்கு எட்டு நிமிடம் இருந்தது. இடைவேளை விட்டுத்தான் இறங்கினீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மைனி இறந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

பதினாறு கழிந்து வேலைக்கு வந்தவர் செல்வனிடம் ஒன்றுதான் சொன்னீர்கள். "எழுத்து தெளிவா இருந்துது மக்கா."

அதன்பின் செல்வன் ஸ்லைடு எழுதவில்லை. டார்ச்சோடு வரிசை வரிசையாகப் போய் ஆளைத் தேடினான். ஆனால் உங்கள் படியும் ஏறவில்லை.

அண்ணாச்சி, அந்த எட்டு நிமிடம் உங்கள் குற்றமல்ல. ஏறாமல் விட்ட இருபத்திரண்டு படிகளின் குற்றம். நாங்கள் அத்தனை பேரும் அறிந்தே வாய்மூடி இருந்தோம். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வாயில்லை.

இனியாவது முழங்கால் வலி குறையட்டும்! மகள் சுஜி வீட்டில் காற்று வரும் அறை உங்களுக்கு அமையட்டும்! மூன்று நேரமும் சூடாகச் சாப்பிட்டு, நூறு தாண்டி இருங்கள்!

கீழே நாற்காலியும் பொன்னாடையும் காத்திருக்கின்றன. ஆனால் இந்த மடல் மேடையில் வாசிக்கப்படாது. செல்வன் படியேறி, கேபின் வாசலில், உங்கள் முகத்துக்கு நேரே நின்று வாசிப்பான். வாசித்து முடித்ததும் அவன் சொல்ல வேண்டியதையும் இதிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். இல்லையென்றால் சொல்ல மாட்டான்:

"அண்ணாச்சி, மெதுவா வாங்க. நானும் கூட இறங்குகேன்."

இப்படிக்கு,
செல்வன் (கேட்), ஞானம் (டிக்கெட் கவுண்டர்), ஸ்மைலின் (கேன்டீன்)
செந்தாமரை தியேட்டர், கோட்டாறு