நோன்பில் கொழுத்த பூனை

ஜைனுதீன்: அப்ப நம்ம பூனை ஏன் இப்பிடிக் கொழுத்திருக்கு? நேத்து எங்க உம்மாவே கேட்டாங்க.

மஸூதா: எலி தின்னுது. பொண்டாட்டிய விட்டுட்டுப் பூனைய அளக்குற புருஷன இப்பதான் பாக்குறேன்.

ஜைனுதீன்: எலி தின்ன பூனை வாயில தேங்காய் ரொட்டி இருந்துச்சே...

மஸூதா: எங்கயாவது திருடியிருக்கும்.

ஜைனுதீன்: வருஷம் முழுக்க மெலிஞ்சு கெடக்கும். நோன்பு மாசம் வந்தா, அதுலயும் நீ நோன்பு விடுற அந்த ஏழு நாள்...

மஸூதா: மெல்லப் பேசுங்க. உம்மா முன் அறையில இருக்காங்க.

ஜைனுதீன்: குசினிக் கதவச் சாத்துற. பீங்கான் சத்தம் கேக்குது. வெளிய வர்றப்ப ஒதடு மட்டும் காஞ்சே இருக்கு.

மஸூதா: தொழ ஏலாத நாள்ல பொம்பள நோன்பு புடிக்கக்கூடாது. தெரியாதா? சாப்புடத்தான் செஞ்சேன்.

ஜைனுதீன்: பூனையோட வயித்தாலயா?

மஸூதா: சிரிக்காதீங்க... எனக்கு அந்த நாளே வர்றதில்ல.

ஜைனுதீன்: ம்.

மஸூதா: மகள் பொறந்தப்ப ரத்தம் நிக்கலயே. லேடி டாக்டர் வயித்தத் தொறந்து ரெண்டு பக்கமும் ரத்தக் கொழாயக் கட்டினாங்க. அப்பயும் நிக்கல. கடைசியில கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க.

ஜைனுதீன்: கட்டினதோட நின்னுச்சுன்னுதானே எங்கிட்ட சொன்ன?

மஸூதா: நீங்க இரத்தோட்டைக்கு மொளகு எடுக்கப் போயிருந்தீங்க. எங்கூடப் பொறந்த நுஹ்மான் நானாதான் கையெழுத்துப் போட்டிருப்பாரு. உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு அவருகிட்ட சத்தியம் வாங்கினேன்.

ஜைனுதீன்: ஏன்?

மஸூதா: ஏனா? ஆம்பளப் புள்ள வேணும்னு உம்மா உங்களுக்கு யட்டவத்தயில ரெண்டாவது பொண்ணு பாத்து வச்சிருக்காங்களே. நான் ஏழு நாள் நோன்பு விட்டாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை. முப்பதும் புடிச்சா அன்னைக்கே கணக்குப் போட்டுருவாங்க. பயமா இருக்குங்க.

ஜைனுதீன்: அதுக்குப் பூனைக்கு விருந்து, ஒனக்குப் பட்டினி.

மஸூதா: அதோட விட்டுச்சா? பெருநாளுக்குப் பொறகு, விட்ட நோன்பு புடிக்கிறேன்னு இன்னும் ஏழு. மொத்தம் முப்பத்தேழு. மாத்தளையில எவளும் புடிக்கல.

ஜைனுதீன்: சொர்க்கத்துல ஒனக்கு முதல் பந்திதான். பூனைக்கு ரெண்டாவது பந்தி.

மஸூதா: கேலி பண்ணாதீங்க. இப்பதான் தெரிஞ்சிருச்சே... யட்டவத்தைக்கு எப்ப போறீங்க?

ஜைனுதீன்: மொதல்ல இன்னைக்கு ரொட்டிய எங்கிட்டத் தா. நம்ம கடைக்குப் பின்னால ஆடு நிக்குது, அதுக்குப் போடுறேன். உம்மா பூனைய மறந்துருவாங்க.

மஸூதா: கோபம் இல்லியா? மூணு வருஷமா ஏமாத்தியிருக்கேன்.

ஜைனுதீன்: யார, என்னையா? ஒங்க நானா கையெழுத்துச் செல்லாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க புள்ள, புருஷன்தான் வேணுமாம். மொளகு லொறியிலயே ஓடி வந்தேன். கர்ப்பப்பை போனாப் போகட்டும், இவள மட்டும் தாங்கன்னு கையெழுத்துப் போட்டதே நான்தான். ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னு நானும் அதே நானாகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்.